பசுவின் வழக்கு

2022 டிசம்பர் கடைசியில் பழைய குற்றாலத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கேரளத்திலிருந்து வந்த குடும்பத்தின் நான்கு வயதுச் சிறுமி, அருவிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் தடாகத்தில் நின்றிருந்தாள். தண்ணீர் வெளியேறும் துவாரம் அவளை இழுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் பாறைச் சரிவு. அங்கிருந்த இளைஞர் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து இறங்கித் தூக்கிவந்தார். சிராய்ப்புகளோடு பிள்ளை பிழைத்தாள். இளைஞருக்குப் பாராட்டு குவிந்தது. செய்தி அதோடு முடிந்தது.

“பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைல்லா, அது போதும்” என்றுதான் தென்காசிப் பக்கம் யாரும் சொல்வார்கள். ஆறுதலுக்குச் சொல்வது, தப்பில்லை. ஆனால் பிள்ளை கண்ணை விட்டு மறைந்து கைக்கு வந்து சேரும்வரை பெற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அந்தப் பேச்சில் இடமில்லை. அங்கே யார்மேல் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ரத்தம் வராத காயத்தைக் காயமாக எண்ணுகிறோமா என்பதுதான் என் கேள்வி.

சட்டமும் வெகுகாலம் எண்ணவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ரயில்வே கேட்காரர் ரயில் வருவதைக் கவனிக்காமல் கேட்டைத் திறந்துவிட்டார். குதிரைவண்டியில் தண்டவாளத்தைக் கடந்த தம்பதி மயிரிழையில் தப்பினார்கள். வண்டியில் ரயில் உரசக்கூட இல்லை. ஆனால் மயங்கி விழுந்த அந்தப் பெண் அதன்பின் நோயாளியாகிப்போனார். 1888-இல் லண்டன் பிரிவி கவுன்சில், வெறும் பயத்துக்கு இழப்பீடு கிடையாது என்று கைவிரித்தது. அன்று நமக்கும் அதுதான் கடைசி நீதிமன்றம். 1901-இல், மதுக்கடைக்குள் குதிரைவண்டி பாய்ந்து, உள்ளே நின்ற கர்ப்பிணி அதிர்ந்துபோன வழக்கில்தான் ஆங்கிலேய நீதிமன்றம் அந்தப் பிடியைத் தளர்த்தியது.

நம் நாட்டில் இந்த வழக்குகள் பெரும்பாலும் நுகர்வோர் நீதிமன்றம் வழியாகத்தான் வளர்ந்தன. ‘மன உளைச்சல்’ என்ற சொல் பத்திரிகையில் தினமும் அடிபடுவதும் அதனால்தான். 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு அவற்றில் முக்கியமானது. தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்டு, ஒரு சிறுவன் உணர்வற்ற உடலாகக் கிடந்தான். அவனுக்கு 12.5 லட்சம் ரூபாய். அதைத் தவிர, அவனை அப்படியே பார்த்துக்கொண்டு வாழவேண்டிய பெற்றோருக்குத் தனியாக 5 லட்சம் ரூபாய். பெற்றோரின் வேதனை மகனுடைய இழப்பின் ஒரு துணுக்கு அல்ல, அது அவர்களுக்கே நேர்ந்த தீங்கு என்று நீதிமன்றம் கண்டது. தொகையைவிட இந்தப் பார்வைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தவறு செய்தவர் வாயில் முதலில் வருவது, “நான் என்ன வேணும்னா செஞ்சேன்?” என்பதுதான். வீட்டில், அலுவலகத்தில், ஆஸ்பத்திரியில் இந்த ஒரு கேள்வியோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். கவனக்குறைவைப் பற்றிய சட்டமோ அங்கேதான் தொடங்குகிறது. வேண்டுமென்று செய்திருந்தால் அது வேறு குற்றம். பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்தாயா என்பதுதான் இங்கே விசாரணை. வள்ளுவர் இதற்கென்றே பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதை அரசியல் பகுதியில் வைத்தது, பொறுப்பில் இருப்பவனுக்கே மறதி அதிகம் என்று தெரிந்துதான் போலும்.

மனுநீதிச் சோழன் கதையை அரசனின் நீதிக்கு உதாரணமாகவே பள்ளியில் படித்தோம். சேக்கிழார் சொல்வதைக் கவனித்தால் வேறொன்று தெரியும். இளவரசன் வேண்டுமென்று தேரை ஏற்றவில்லை. கன்றுதான் துள்ளிவந்து சக்கரத்தில் விழுந்தது. மணியடித்தது செத்த கன்று அல்ல, உடம்பில் ஒரு கீறலும் இல்லாத தாய்ப்பசு. அமைச்சர்கள் பிராயச்சித்தம் சொன்னார்கள். சடங்கு செய்தால் பாவம் தீரும் என்றார்கள். அரசன் ஒப்பவில்லை. கன்றை இழந்து கதறும் பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமா என்று கேட்டான். அவன் மகனுக்கு விதித்த தண்டனையை இன்று யாரும் ஏற்க மாட்டோம், ஏற்கவும் கூடாது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. நம் மன்னிப்பும் விளக்கமும் பெரும்பாலும் நம் பாவம் தீர்வதற்காகத்தான்.

அரசு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில், 1993-இல், குடிமகனை அலைக்கழித்ததற்கான இழப்பீட்டைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு எப்படியும் பின்னால் வருவதுதான். முன்னால் செய்ய வேண்டியதைத் தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் கல்லிலேயே வெட்டிவைத்தான். இந்த ஆலயத்துக்குப் பிற்காலத்தில் ஒரு குறை வந்து அதைச் சரிசெய்பவர் யாராக இருந்தாலும் அவரைப் பணிகிறேன் என்கிறது அவன் கல்வெட்டு. துவாரத்துக்குக் கம்பி வலை போடுகிறவரும், வெள்ளம் வருமுன் விசில் ஊதுகிறவரும் அந்த வணக்கத்துக்கு உரியவர்கள்தான்.

எந்த நீதிமன்றத்துக்கும் போகாத உளைச்சல்களும் உண்டு. ஆள் மாறிய ரத்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கிப்போய் ஒரு வாரம் தூங்காதவருக்கு, “மாத்தி கொடுத்துட்டோம், சாரி” என்று ஒரு போன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் மனைவியிடம் “எக்ஸ்பயர்டு” என்று சொல்லிவிட்டு, ஏறிட்டுப் பார்க்காமல் ஃபைலைப் புரட்டும் கை. நேரில் போய், உட்கார்ந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாலே பாதி உளைச்சல் குறையும். செலவில்லாத காரியம், ஆனாலும் செய்பவர் குறைவு.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து, நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவன் இறந்தான். ஜனங்கள் சிதறி ஓடும் வீடியோ போனுக்குப் போன் பறந்தது. அப்படிப்பட்ட வீடியோ முதலில் எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது. அதற்கு அவரை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதும் இல்லை. ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: அப்படி ஒன்று உங்கள் போனுக்கு வந்தால், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஆள் போய்ச் சொல்லியாகிவிட்டதா என்று தெரியாமல் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள்.