முதுகில் பட்ட பந்து

2024 மே 12, சேப்பாக்கம். இரண்டாவது ரன்னுக்குத் திரும்பிய ஜடேஜாவை ருதுராஜ் வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறார். ஓடும் பாதை மாறுகிறது. சஞ்சு சாம்சன் எறிந்த பந்து அவர் முதுகில் படுகிறது. தேர்ட் அம்பயர் ரீப்ளே பார்த்து அவுட் என்கிறார். ஜடேஜா வாதாடிவிட்டுத்தான் போனார்.

கிரிக்கெட்டின் 37-ஆவது விதி கேட்பது இதைத்தான்: வேணும்னே தடுத்தாரா? கேமராவுக்குத் தெரிவது கால் போன பாதை. அதை வைத்து மனசை ஊகிக்க வேண்டும். நான் மென்பொருள் எழுதுபவன். லாகில் என்ன நடந்தது என்று இருக்கும், ஏன் என்று இருக்காது.

பேஸ்பாலில் முதல் பேஸுக்கு முந்தைய 45 அடிக்கு ஒரு தடம் உண்டு. அதற்கு வெளியே ஓடி, எறியும் பந்தைப் பிடிப்பவருக்கு இடைஞ்சலானால் அவுட். நோக்கம் பற்றிப் பேச்சே கிடையாது. சண்டை ஓய்ந்ததா? 2019 வேர்ல்டு சீரிஸ் 6-ஆவது ஆட்டத்தில் ட்ரே டர்னர் பேஸை நோக்கி நேராக ஓடியே அவுட்டானார். 2024-இல் தடத்தை அகலமாக்கினார்கள்.

கோடு கிழித்தால் குற்றமில்லாதவனும் மாட்டுவான். இருந்தும் மனசைத் தேடும் விதியே எனக்கு உசத்தி; அது ஆளை ஆளாகப் பார்க்கிறது. ஆனால் காரைக்கால் கடற்கரை ஆட்டத்தில் அம்பயர் கிடையாது, "வேணும்னே பண்ணியாடா?" என்று அவனையே கேட்போம். பொய் சொல்வான், சரி. சேப்பாக்கத்தில் அந்தக் கேள்வியை யாரும் ஜடேஜாவிடம் கேட்க விதியில் இடமே இல்லை.