சும்மா இருந்த ஏரி

இத்தாலிய ஏரி என்றால் எல்லோரும் கோமோ என்பார்கள். இன்ஸ்டாகிராமில் வருவது அதுதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மஜ்ஜோரே, கார்தா என்று சேர்த்துக்கொள்வார்கள். நான் ஓர்த்தாவுக்குப் போகிறேன் என்றதும் அறைத்தோழன் கேட்டான்.

"அது எங்கடா இருக்கு? அங்க என்ன இருக்கு?"

"ஒரு தீவு. அங்க யாரும் பேச மாட்டாங்களாம்."

"அதுக்கு இங்கயே போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கலாமே."

நியாயமான பேச்சுதான். ஆனாலும் போனேன். அக்டோபர் கடைசித் திங்கள். நான் பகுதிநேரமாக வேலை பார்த்த உணவகத்துக்குத் திங்கள்தான் விடுமுறை. நொவாராவிலிருந்து டொமோதொஸ்ஸோலா பக்கம் போகும் ரயிலில் ஏறி, ஓர்த்தா-மியாசீனோ நிலையத்தில் இறங்கி, சரிவில் கீழே நடந்தால் ஊர். ஊர்ச் சதுக்கத்தின் ஓரத்திலேயே படகுத்துறை. படகில் ஐந்து நிமிடம்.

ஏன் போனேன் என்பதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. நண்பர்களிடம் சொன்னது, கொஞ்சம் அமைதி வேண்டும் என்று. இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன்.

தீவின் பெயர் சான் ஜூலியோ. 275 மீட்டர் நீளம், 140 மீட்டர் அகலம். ஒரே ஒரு கல் பாவிய சந்து, வளையம்போல் தீவைச் சுற்றி வருகிறது. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் முடிக்க விடாமல் வழியில் பலகைகள் தொங்குகின்றன. ஒரு திசையில் நடந்தால் அவற்றில் மௌனத்தைப் பற்றிய சிறு வாசகங்கள். திரும்பி எதிர்த்திசையில் நடந்தால் அதே பலகைகளின் பின்பக்கம் தியானத்தைப் பற்றியவை. சந்துக்குப் பெயரே மௌனத்தின் பாதை. நடுவில், பழைய குருமடக் கட்டடத்தில், பெனடிக்டைன் பெண் துறவிகளின் மடம். 1973ல் அன்னா மரியா கானொப்பி என்ற துறவி சில சகோதரிகளோடு இங்கே வந்து அதைத் தொடங்கினார். 2019ல் அவர் இறந்தார். அடைபட்ட மடம் என்பதால் துறவிகளைப் பார்க்க முடியாது. ஜெபம், எழுத்து, அது போக நைந்துபோன பழைய பட்டு அங்கிகளையும் துணிகளையும் இழை இழையாகச் செப்பனிடும் வேலை. இந்தப் பட்டு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பசிலிக்காவுக்குள் போனேன். கரும்பச்சைக் கல்லில் செதுக்கிய 12ஆம் நூற்றாண்டுப் பிரசங்க மேடை ஒன்று இருக்கிறது, அதற்காக மட்டுமே கூட வரலாம். பொருள்கள் வைக்கும் அறையில் பெரிய முதுகெலும்பு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். டிராகனுடையதாம். நாலாம் நூற்றாண்டில் ஜூலியோ என்ற புனிதர், படகு கிடைக்காததால் தன் மேலங்கியைத் தண்ணீரில் விரித்து, கைத்தடியைத் துடுப்பாக்கி இந்தத் தீவுக்கு வந்து, இங்கிருந்த பாம்புகளையும் டிராகன்களையும் விரட்டினார் என்பது ஐதீகம். எல்லா ஊர்க் கதையிலும் இப்படித்தான். முதலில் இருந்தவர்களை வெளியேற்றிய பிறகுதான் அமைதி வரும். பாம்புகளின் தரப்பை யாரும் எழுதி வைப்பதில்லை.

வெளியே வந்து பாதையை முழுதாக ஒரு சுற்று நடந்தேன். செருப்புச் சத்தமும் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோதும் சத்தமும்தான். உண்மையிலேயே நன்றாக இருந்தது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. உடம்புக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கி அமர்ந்துகொண்டது போல. தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, 'சும்மா'. சும்மா இருப்பதுதான் உச்ச நிலை என்று சித்தர் மரபு சொல்லும். அதே சொல்லைத்தான் அம்மா, பெரியவர்கள் நடுவில் நான் வாயைத் திறந்தால் பயன்படுத்துவாள். "சும்மா இருடா." ஞானத்தின் கடைசிப் படிக்கும் வாயை மூடுவதற்கும் ஒரே சொல் வைத்திருக்கிறோம். இது மொழியின் அழகா இல்லை வசதியா என்று அந்தச் சந்தில் வைத்துத்தான் முதன்முதலாக யோசித்தேன்.

யோசிக்க வைத்தது ஏரி.

நான் படிப்பது வேதியியல். தீவைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே ஓர்த்தா ஏரி எனக்கு வகுப்பில் அறிமுகம். 18 சதுர கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 143 மீட்டர். இங்குள்ள மற்ற பெரிய ஏரிகள் பெரும்பாலும் தெற்கே வழியும். இதுவோ வடக்கே, ஒமேஞ்ஞா ஊர் வழியாக, மலையை நோக்கி வழியும். ஆனால் பாடத்தில் இது வந்தது அதற்காக இல்லை. 1926ல் ஏரியின் தென்கோடியில், கொட்ஸானோவில், ஒரு செயற்கைப் பட்டு ஆலை தொடங்கியது. பஞ்சின் செல்லுலோஸைத் தாமிரமும் அம்மோனியாவும் சேர்ந்த கரைசலில் கரைத்து நூலாக இழுக்கும் முறை. மிஞ்சிய தாமிரமும் அம்மோனியம் சல்ஃபேட்டும் ஏரிக்குள் போயின. இரண்டே ஆண்டு. மிதவைப் பாசி போனது, அதைத் தின்னும் நுண்ணுயிர் போனது, மீன் போனது. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருந்ததால் நீர் அமிலமாகிக்கொண்டே வந்தது. பிஹெச் ஒரு கட்டத்தில் 4 அருகே இறங்கியது. பிற்பாடு ஆலை தாமிரக் கழிவைக் குறைத்தபோது, ஏரியைச் சுற்றியிருந்த உலோகப் பூச்சுப் பட்டறைகளின் கழிவு சேர்ந்துகொண்டது. இந்தக் கரை குழாய்களுக்குப் பேர்போனது. கை கழுவும் குழாய்க்குப் பளபளப்பு வேண்டுமே.

பாசி இல்லாத நீர் எப்படி இருக்கும் தெரியுமா? தெளிவாக இருக்கும். கலங்கல் என்பது பெரும்பாலும் உயிர். உயிர் போனால் வெளிச்சம் ஆழம் வரைக்கும் இறங்கும். அந்த ஆண்டுகளில் யாராவது ஒரு சுற்றுலாப் பயணி இந்தத் தீவின் படித்துறையில் உட்கார்ந்து, 'ஆகா, என்ன அமைதி, என்ன சுத்தம்' என்று பெருமூச்சு விட்டிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

என்னைக் குடைந்தது இதுதான். தீவில் ஒரு மௌனம், அது தேர்ந்தெடுத்தது. சுற்றிலும் தண்ணீரில் அறுபது வருடம் ஒரு மௌனம், அது வாயை அடைத்ததால் வந்தது. கரையில் நிற்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். அப்படியானால் அமைதியைப் பார்த்ததும் நமக்குள் வருகிற அந்த மரியாதையை எவ்வளவு நம்பலாம்?

யாருமே பேசவில்லை என்று சொன்னால் அது தப்பு. ரீனா மோந்தி என்ற ஏரியியல் அறிஞர் 1930லேயே இந்த ஏரியில் உயிர் படிப்படியாக அணைந்துபோவதைப் பற்றி எழுதிவிட்டார். தலைப்பிலேயே அதைச் சொன்னார். ஏரிக்குச் சுண்ணாம்புத் தூள் போட்டு அமிலத்தை முறித்தது 1989லும் 1990லும். படகில் வைத்து 10,000 டன்னுக்கு மேல் தெளித்தார்கள். மெல்ல உயிர்கள் திரும்பின. இன்று நான் பார்த்த நீரில் மீன் உண்டு. ஆனால் நடுவில் 59 வருடம். ஒருத்தர் சொல்லியாயிற்று, அச்சில் இருக்கிறது, இருந்தும் அத்தனை வருடம். ஆகவே பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆலை சம்பளம் கொடுத்தது. சம்பளம் வாங்குகிற இடத்தில் மௌனத்துக்கு ஒரு விலை உண்டு, அது மாதாமாதம் கைக்கு வந்துவிடும்.

இப்போது இரண்டாவது பதில்.

உணவகத்தில் நான் வாரம் மூன்று மாலை வேலை பார்த்தேன். மாணவர் அனுமதியில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். பாத்திரம் கழுவும் இடத்தில் பங்களாதேஷிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். நான் 'பாய்' என்று கூப்பிடுவேன், அவரும் என்னை 'பாய்' என்பார். இத்தாலிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மொழி வரவில்லை. நாங்கள் உடைந்த ஆங்கிலத்திலும் அதைவிட உடைந்த இந்தியிலும் பேசிக்கொள்வோம். ஒப்பந்தத்தில் அவருக்கும் வாரம் 20 மணி நேரம். உண்மையில் மதியமும் இரவும் அவர்தான். 50க்குக் குறையாது.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள், சம்பளச் சீட்டில் கையெழுத்து வாங்க முதலாளி சமையலறைக்குள் வந்தார். பாய் சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கணக்கு தப்புன்னு சொல்லு. நான் கையெழுத்துப் போடமாட்டேன். மரியாதையாத்தான் சொல்லு." முதலாளி என்னைப் பார்த்தார். "என்ன சொல்றார்?"

"நியென்தே" என்றேன். ஒன்றுமில்லை. "களைப்பா இருக்காராம்."

இத்தாலிக்கு வருகிற யாரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற சொற்களில் ஒன்று நியென்தே. பாய்க்கும் தெரியும். என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அன்று இரவு முழுக்கப் பாத்திரச் சத்தம் மட்டும்தான், சண்டை இல்லை, கத்தல் இல்லை. முதலாளி போகும்போது "இன்னிக்கு நல்ல அமைதி" என்றார். பத்து நாளில் பாய் வேலையை விட்டுவிட்டார்.

எனக்கு என் தரப்பு வாதங்கள் உண்டு. அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். வாடகை. அது என் சண்டை இல்லை. நான் கெட்டது எதுவும் சொல்லவில்லையே, சும்மாதானே இருந்தேன். இந்தக் கடைசி வாதத்தைத்தான் நான் தீவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன் என்று இப்போது புரிகிறது. மௌனம் உயர்ந்தது என்று எழுதி வைத்திருக்கும் ஓர் இடத்தில் போய் நின்றால், என்னுடையதற்கும் அதில் ஒரு மூலையில் இடம் கிடைக்கும் என்ற நப்பாசை. 'மௌனம் சம்மதம்' என்று பழமொழி சொல்வோம். என் விஷயத்தில் அதுகூடப் பொருந்தாது. சம்மதிக்க மாட்டேன் என்று சொன்னவரின் வாயை நான் அல்லவா மூடினேன்?

ஊருக்குத் திரும்பும் படகுக்கு நேரம் இருந்தது. துறையில் உட்கார்ந்து போனில் பெனடிக்டின் விதிநூலைப் புரட்டினேன். மடம் நடப்பது அதன்படிதான். ஆறாம் அத்தியாயம், எதிர்பார்த்தது போலவே, பேச்சை அடக்குவது பற்றி. ஆனால் அதற்கு முன்னால், மூன்றாவதில், வேறொன்று இருந்தது. மடத்தில் முக்கியமான விஷயம் எது வந்தாலும் எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும். சிறந்ததைக் கடவுள் பல நேரம் வயதில் இளையவருக்கே வெளிப்படுத்துவார் என்பதால், எல்லாரையும். இதை எதிர்பார்க்கவில்லை. மௌனத்தைச் சட்டமாக்கியவர்கள்கூட, எல்லாருடைய வாயும் திறக்கும் இடம் ஒன்றை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் ஆக்கியிருக்கிறார்கள். தவிர அந்தத் துறவிகள் ஊமைகள் இல்லை, ஒரு நாளில் பல வேளை ஒன்றாகப் பாடுகிறார்கள். பேசக்கூடியவர் தன் பேச்சைத் தானே எடுத்து வைப்பதுதான் அங்கே மௌனம். இன்னொருவருடையதை எடுத்து வைக்க அதில் இடமில்லை.

இதே தீவை வைத்து ஜான்னி ரொடாரி ஒரு நாவல் எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்கான எழுத்தாளர் என்று உலகம் முழுக்கத் தெரிந்தவர், பிறந்தது இந்த ஏரிக்கரையில், ஒமேஞ்ஞாவில், 1920ல். ஒரு ரொட்டிக்காரரின் மகன். கதையில் லம்பேர்த்தோ என்ற கிழட்டுப் பணக்காரப் பிரபு இந்தத் தீவில் இருக்கிறார். 93 வயது, 24 நோய்கள், 24 வங்கிகள். ஒரு மனிதனின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் சாகமாட்டான் என்று எகிப்தில் கேள்விப்பட்டு, மாடியில் ஆறு பேரைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார். இரவு பகலாக, ஷிப்ட் போட்டு, அவர்கள் 'லம்பேர்த்தோ, லம்பேர்த்தோ' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. கிழவருக்கு முடி முளைக்கிறது, சுருக்கம் போகிறது.

1978ல் வந்த கதை. ரொடாரி ஏரியை நினைத்து எழுதினார் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ஆனால் மௌனத்தின் பாதையில் நடந்துவிட்டு அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றில் என்னவோவும் செய்கிறது. பிரபுவின் பெயரைச் சொல்ல ஆறு பேருக்குச் சம்பளம் இருக்கிறது. ஏரியிலிருந்து போன மீன்களுக்காக அப்படி யாரும் அமர்த்தப்படவில்லை. பாயின் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை. ஒருமுறை அவருக்காகப் பேச வாய்த்தபோது நான் என்ன செய்தேன் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

திரும்பும் ரயில் கொட்ஸானோவில் நின்றது. காலையிலும் நின்றிருக்கும், நான் கவனிக்கவில்லை. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒரு பள்ளிக்கூடப் பெண் ஏறினாள். அங்கே வைத்துத்தான் போனில் பழைய படங்களைத் தேடினேன். சமையலறைச் சுவரில் ஒட்டும் ஷிப்ட் அட்டவணையை வாராவாரம் போட்டோ எடுப்பது என் வழக்கம், என் நேரம் மறந்துபோகாமல் இருக்க. ஒவ்வொன்றிலும் என் வரிசைக்குக் கீழ் வரிசை பாயுடையது. மதியம், இரவு, மதியம், இரவு. பதினோரு வாரத்துக்கான படங்கள் இருந்தன. எல்லாவற்றையும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே 'ஸாரி பாய், அன்னிக்கு நீங்க சொன்னதை நான் சொல்லல' என்று எழுதினேன். நீலக் கோடு உடனே விழுந்தது.

பதில் வர மூன்று நாளானது. தொழிற்சங்க அலுவலகம் எங்கே இருக்கிறது, உள்ளே போய் யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார். அடுத்த வரியில், "உனக்கு மொழி தெரியும். வருவியா?"

அலுவலகம் செவ்வாயும் வியாழனும் திறந்திருக்கும் என்று வாசலில் எழுதியிருக்கிறது. வியாழன் எனக்கு ஆய்வக வகுப்பு. செவ்வாய் போகிறோம்.