இரண்டாம் வெள்ளோட்டம்

1967 ஜனவரி 4ஆம் தேதி காலை, இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கானிஸ்டன் ஏரியில், டொனால்ட் காம்ப்பெல் தமது ஜெட் விசைப்படகில் இறந்தார். படகின் பெயர் புளூபேர்ட். பதிவெண் கே 7. 1955 முதல் 1964 வரை நீர்மேல் வேகத்தின் உலக சாதனையை ஏழு முறை உயர்த்திய படகு அது. கடைசிச் சாதனை மணிக்கு 276 மைல். அதை 300க்கு மேல் கொண்டு போவதுதான் அன்றைய காரியம். விதிப்படி, அளந்து குறித்த ஒரு கிலோமீட்டரை இரு திசைகளிலும் ஓடி, இரண்டின் சராசரியைக் கொள்ள வேண்டும். முதல் ஓட்டம் 297 மைலைத் தாண்டியது. தாம் எழுப்பிய அலைகள் அடங்கக் காத்திராமல், எரிபொருளும் நிரப்பிக்கொள்ளாமல் அவர் உடனே திரும்பினார். வழியில் 328 மைலைத் தொட்ட படகின் மூக்கு, இலக்கை நெருங்கும் தறுவாயில் மேலெழுந்தது. அடியில் காற்று புகுந்தது. படகு பின்புறமாகக் கரணமடித்து, நீரில் மோதி முறிந்து மூழ்கியது. அவர் கூடவே கொண்டு செல்லும் ஒரு சிறு கரடி பொம்மை மட்டும் மிதந்து வந்தது. உடல் கிடைக்கவில்லை.

34 வருஷங்கள் கழித்து, 2001 மார்ச் 8ஆம் தேதி, பில் ஸ்மித் என்ற பொறியாளரும் அவருடன் நீரில் மூழ்கித் தேடியவர்களும் சிதைந்த படகை மேலே கொண்டு வந்தனர். மே மாதத்தில் காம்ப்பெல்லின் எச்சங்களும் கிடைத்தன. செப்டம்பரில் கானிஸ்டன் கிராமத்திலேயே அடக்கம் நடந்தது. பிறகு பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள் பல வருஷங்கள் உழைத்து அந்தப் படகைச் சீர்செய்தார்கள். 2018 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் ப்யூட் தீவிலுள்ள ஒரு ஏரியில் அது மறுபடி நீரில் இறங்கியது. தன் எஞ்சினாலேயே ஓடியது.

நான் எழுப்ப விரும்பும் கேள்வி எளிமையானது. ஒரு மனிதனைக் கொன்ற பொருளைப் பழுது பார்த்து மறுபடி ஓடவிடலாமா? இது வேகப் பித்தர்களின் சமாசாரம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாததற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

விதி சில சமயம் கட்டுரையாளனுக்குத் தேவைக்கு மேலேயே உதவி செய்துவிடுகிறது. அதே கானிஸ்டன் ஏரியின் கிழக்குக் கரையில், பிராண்ட்வுட் என்ற வீட்டில், வாழ்வின் கடைசி முப்பது வருஷங்களுக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்து 1900இல் இறந்தவர் ஜான் ரஸ்கின். நம்மில் பலருக்கு அவர் காந்தி மூலமாகத் தெரிந்தவர். 1904இல் தென்னாப்பிரிக்க ரயில் பயணமொன்றில் காந்தி படித்து, தம் வாழ்வையே மாற்றிக்கொண்ட புத்தகத்தின் ஆசிரியர். ஆனால் இங்கே நமக்கு வேண்டியவர் வேறொரு ரஸ்கின். 1849இல் வெளியான கட்டடக் கலை பற்றிய நூலில், பழைய கட்டடத்தைப் புதுப்பித்தல் என்பதைப் போன்ற முழு அழிவு அதற்கு வேறில்லை என்று வாதிட்டவர். செத்தவனை எழுப்ப முடியாததுபோலவே கட்டடத்தையும் எழுப்ப முடியாது. அதைச் செய்த கையும் கண்ணும் போய்விட்டன. புதுப்பித்தவன் காட்டுவது பொய். பராமரி, முட்டுக் கொடு, முடியாத காலம் வரும்போது கௌரவமாக விழவிடு என்பது அவர் கட்சி.

ரஸ்கின் பெயரால் 1901இல் கானிஸ்டனில் அமைந்த சிறு மியூசியத்துக்குத்தான் காம்ப்பெல் குடும்பத்தார் 2006இல் அந்தப் படகை அளித்தார்கள். புதுப்பித்தலைப் பொய் என்றவரின் பெயர் தாங்கிய கூரையின் கீழ், உலகில் மிகவும் பேசப்பட்ட ஒரு புதுப்பித்தல் இன்று நிற்கிறது. இதைச் சுட்டிக்காட்டிச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். நான் சிரிக்கவில்லை. ரஸ்கினின் ஆட்சேபம் இந்தப் படகுக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும் என்றே பட்டது.

3

சிதைவை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பவர்களின் கட்சி பலவீனமானதல்ல. முறிந்த சட்டகமும் கிழிந்த தகடும் அந்தக் காலையின் ஸ்தூல சாட்சியம். நிமிர்த்தி வர்ணம் பூசினால் சாட்சி வாய்மூடிவிடும். மரணம் நடக்கவே இல்லை என்று நீலப் பளபளப்பு சாதிக்கும். ஒரு மனிதனின் முடிவைத் துடைத்தெறிய நமக்கு என்ன அதிகாரம்?

ஆனால் இந்த வாதத்தின் உள்ளே ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. சிதைவு, பார்ப்பவனின் உணர்ச்சிக்கு உடனே தீனி போடுகிறது. அதன் எதிரே நின்று பெருமூச்சு விட எந்த அறிவும் தேவையில்லை. எஃகுக் குழாய்ச் சட்டகத்தின் மேல் அலுமினியக் கலப்புத் தகட்டை எப்படிப் பொருத்தினார்கள், நாரிஸ் சகோதரர்கள் என்ன யோசித்து அதை வரைந்தார்கள், லியோ வில்லா என்ற மெக்கானிக் தந்தைக்கும் மகனுக்குமாக எத்தனை காலம் கூட இருந்து உழைத்தார் - இவையெல்லாம் சிதைவின் முன் அற்பமாகிவிடுகின்றன. பல வருஷ உழைப்பும் ஏழு சாதனைகளும் கடைசிச் சில நொடிகளுக்கு முன்னுரையாகிவிடுகின்றன. ஒரு வாழ்வின் உண்மை அதன் முடிவில்தான் இருக்கிறது என்று யார் தீர்மானித்தது? தற்கொலை செய்துகொண்ட கவிஞனின் ஒவ்வொரு வரியிலும் தற்கொலையையே தேடும் விமர்சனத்தை நாம் அறிவோம். அதே ரகம்தான் இதுவும்.

மேலும், 'அப்படியே' என்று ஒன்று கிடையாது. நீருக்கடியில் கிடந்த உலோகம் காற்றுக்கு வந்ததும் வேறு வகையில் அரிக்கத் தொடங்கும். சிதைவைச் சிதைவாகவே வைத்திருக்கவும் கழுவ வேண்டும், அரிப்பைத் தடுக்க வேண்டும், விழாமல் தாங்கி நிறுத்த வேண்டும். அதுவும் ஒரு தலையீடுதான். தன்னைத் தலையீடு என்று ஒப்புக்கொள்ளாத தலையீடு.

4

எதிர்க்கட்சிக்கும் சுலபமான வழி ஒன்று இருந்தது. அதே ஏரியில் அதற்கு முன்னுதாரணமும் உண்டு. கொண்டோலா என்ற நீராவிப் படகு 1859இல் கானிஸ்டனில் வெள்ளோட்டம் கண்டது. ரஸ்கின் காலத்தில் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பிற்பாடு ஓட்டம் நின்று, வீடாகி, கரையொதுங்கிச் சீரழிந்தது. 1980இல் அது மறுபடி மிதந்தபோது அதன் உடல் புதிது. பெயரும் வடிவமும் பழையவை. பயணிகள் மகிழ்ச்சியாகப் போய் வருகிறார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

புளூபேர்டைச் சீர்செய்தவர்கள் இந்த வழியில் போகவில்லை. பழைய தகடு எவ்வளவு கசங்கியிருந்தாலும், நிமிர்த்த முடியுமானால் அதையே நிமிர்த்தினார்கள். கிழிசலைச் சேர்த்து ஒட்டினார்கள். பழைய துளைகளுக்கே ரிவெட் அடிக்கப் பார்த்தார்கள். ஒரு தகட்டைப் புதிதாக வெட்டிக்கொள்ள ஆகும் நேரத்தைப் போலப் பல மடங்கு, கசங்கியதை அங்குலம் அங்குலமாகத் தட்டி எடுக்க ஆகும். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. வர்ணம் பூசிய பின் எது பழையது, எது புதியது என்று எட்ட நின்று சொல்ல முடியாது. பின் ஏன் செய்தார்கள்?

இந்த இடத்தில் ரஸ்கினையே ரஸ்கினுக்கு எதிராக நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த 1849 நூலிலேயே அவர் கேட்ட கேள்வி, செய்தவன் அதைச் சந்தோஷமாகச் செய்தானா என்பது. 1853இல் வெளியான வெனிஸ் பற்றிய நூல் பாகத்தில், கச்சிதமான இயந்திர நேர்த்தியைவிட, சுயபுத்தியோடு உழைத்தவனின் குறைபட்ட வேலையே அவருக்கு உயர்ந்தது. இப்படிப் பார்த்தால், கூலி வாங்காமல், பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒரு நேர்மைக்காகக் கசங்கிய உலோகத்தோடு மல்லாடியவர்கள் அவர் ஏங்கிய தொழிலாளிகளே. புதுப்பித்தலை வெறுத்த ரஸ்கின் அவர்களை மறுப்பார். உழைப்பை வணங்கிய ரஸ்கின் ஏற்பார். இந்த முரண்பாட்டை அவரே தீர்த்து வைக்கவில்லை. நாமும் தீர்த்துவிட்டதாகப் பாவனை செய்ய வேண்டாம்.

முன்பகுதியில் பெரும்பங்கு புதிது. அது மோதலில் சிதறிப் போயிற்று. எஞ்சின் அதே ஆர்ஃபியஸ் ரகம், ஆனால் அதே எஞ்சின் அல்ல. அப்படியானால் இது அதே படகா என்று, பலகை பலகையாக மாற்றப்பட்ட கிரேக்கக் கப்பலின் பழைய புதிரைச் சிலர் இழுப்பார்கள். அது வகுப்பறைப் புதிர். அந்தக் கப்பல் யாரையும் கொல்லவில்லை. யாரும் அதற்காக அழவுமில்லை. இங்கே எத்தனை சதவீதம் பழசு என்ற கணக்கால் ஒன்றும் ஆகாது.

5

ரஸ்கினின் விதி கட்டடத்துக்கானது. கட்டடம் நின்றபடியே தன்னை முழுமையாகக் காட்டிவிடும். இந்தப் படகு அப்படி அல்ல. நிற்கையில் இது நீரில் புதைந்து கிடக்கும், கனத்த, சற்று அவலட்சணமான ஒரு ஜந்து. வேகம் பிடிக்கப் பிடிக்க உடல் மேலெழுகிறது. முன்னால் இரு பக்க மிதவைகள், பின்னால் ஒரு புள்ளி - இந்த மூன்று இடங்களில் மட்டும் நீரைத் தொட்டுக்கொண்டு சறுக்குகிறது. 26 அடிக்குச் சற்று மேற்பட்ட அந்த உடலின் ஒவ்வொரு வளைவும் அந்த நிலைக்காக வரையப்பட்டது. அதைக் கொன்ற காரணமும் அங்கேதான் இருக்கிறது. நீரை இவ்வளவு குறைவாகத் தொடும் உடல், மூக்கு கொஞ்சம் அதிகம் தூக்கினால், படகாக இருப்பதை விட்டுவிடும். நிற்கும் படகைப் பார்த்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. சிதைவைப் பார்த்தும் முடியாது. ஓடும்போதுதான் அதன் வடிவம் பூர்த்தியாகிறது. ஆகவே அதை ஓட விட்டது களியாட்டம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அது ஒரு வாசிப்பு.

ஆனால் 2018இல் அது எட்டிய வேகம் ஏறக்குறைய 150 மைல்தான். சாதனையை யாரும் அதனிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. 1978இல் கென் வார்பி என்ற ஆஸ்திரேலியர், தம் வீட்டுக் கொல்லையில் கட்டிய படகில் 317 மைலைத் தாண்டினார். அதை உடைக்க முயன்று 1980இலும் 1989இலும் இருவர் இறந்தனர். வேகத்துக்காக மட்டுமே பிறந்த ஒன்று, அந்த ஆசையிலிருந்து விடுவிக்கப்பட்டு, பாதி வேகத்தில் ஓடுகிறது. இது அதன் பழைய வாழ்வு அல்ல. பழைய வாழ்வு என்று யாரும் சொல்லாதவரை இதில் பொய்யும் இல்லை.

6

கசப்பான பகுதி இனிமேல்தான். ஓடி முடிந்ததும் படகு மியூசியத்துக்குப் போகவில்லை. தாங்கள் செய்து சேர்த்த பாகங்கள் தங்களுடையவை என்று சீர்செய்தவர்கள் தரப்பு. முழுப் படகும் எங்களுக்கு அளிக்கப்பட்டது என்று மியூசியம். வருஷங்கள் இழுத்த சட்டச் சிக்கலுக்குப் பிறகு, 2024 மார்ச்சில்தான் அது கானிஸ்டனுக்குத் திரும்பியது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. அந்த வழக்கின் அடியிலிருக்கும் ஆசை எனக்குப் பரிச்சயமானது. உயிர் கொடுத்தவன் விட்டுப் பிரிய மாட்டான். எவ்வளவு நேர்மையாகத் தட்டி நிமிர்த்தினானோ அவ்வளவுக்கு அது தன்னுடையது என்று நம்பத் தொடங்குகிறான். அந்த நம்பிக்கையில் அயோக்கியத்தனம் இல்லை, அதுதான் சங்கடம்.

சொந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இறந்துபோன நண்பர் ஒருவரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து சில கவிதைகளைப் பல வருஷங்களுக்கு முன் நான் பிரதியெடுத்து அச்சுக்குக் கொடுத்தேன். ஒரு கவிதையில் ஒரு வரியின் கடைசிச் சொல்லைக் கரையான் தின்றிருந்தது. புள்ளிகள் வைத்து விட்டிருக்கலாம். இரண்டு வாரம் அந்த வரியோடு கிடந்து, அவருடைய மற்ற கவிதைகளையெல்லாம் மறுபடி படித்து, அவர் எழுதியிருக்கக்கூடிய ஒரே சொல் இதுதான் என்று தேர்ந்து, அதைப் போட்டேன். குறிப்பு எதுவும் போடவில்லை. பிறகு ஒருவர் அந்தக் கவிதையைப் பற்றி எழுதும்போது, குறிப்பாக அந்தச் சொல்லை எடுத்துக்காட்டி, இந்த இடத்தில் கவிஞனின் பிரக்ஞை முழுமை பெறுகிறது என்று பாராட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது என்பதையும் ஒளிக்கக் கூடாது.

அந்தச் சொல் சரியான சொல் என்றே இன்றும் நினைக்கிறேன். தகடு சரியாகத்தான் பொருந்தியிருக்கிறது. பிசகு பொருத்தியதில் இல்லை. எது பழைய தகடு, எது நான் வெட்டி வைத்தது என்று சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. அந்தப் படகைச் சீர்செய்தவர்கள் இதில் என்னைவிட மேல். எது பழசு, எது புதுசு என்று கேட்டவர்களுக்கு அவர்கள் காட்டினார்கள். தங்களுடையது என்று அவர்கள் எதை உரிமை கொண்டாடினார்களோ அதைப் பகிரங்கமாகக் கொண்டாடினார்கள். நான் ரகசியமாகக் கொண்டாடினேன்.

பழுது பார்க்கலாமா என்ற கேள்விக்கு, பார்க்கலாம் என்றே என் பதில். ஒட்டுப் போட்ட இடத்தைச் சொல்ல வேண்டும். பிறகு கையை எடுக்க வேண்டும். இரண்டாவது எனக்கு இன்னும் கைவரவில்லை. முதலாவதை இப்போது செய்துவிட்டேன். நண்பரின் தொகுதி வைத்திருப்பவர்கள் நாலைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். அவர்கள் இந்தப் பத்திரிகையையும் படிப்பவர்கள். எந்தக் கவிதை, எந்த வரி என்று கேட்டு எழுதினால் சொல்கிறேன்.