கணக்கில் விடுபட்டவர்கள்



புயலும் வெள்ளமும் வந்தால் நம் வீடுகளில் வழக்கமாக ஒரு பேச்சு எழும். "முஸீபத்து ஏழை, பணக்காரன் பார்த்தா வருகிறது?" என்போம். தண்ணீர் பேதம் பார்ப்பதில்லை என்பது மெய்தான். காற்றும் மழையும் அல்லாஹு தஆலாவின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவை. ஆனால் தண்ணீர் வருமுன் மேட்டில் குடியிருந்தவர் யார், பள்ளத்தில் குடியிருந்தவர் யார்? தப்பியோட வாகனம் இருந்தது யாரிடம்? வெள்ளம் வடிந்தபின் உதவிப் பட்டியலில் ஏறியது யாருடைய பெயர்? இவை மனிதர் கைகள் செய்த ஏற்பாடுகள். இவற்றையும் கத்ரின் மேல் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியுமா?

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி, அமெரிக்காவின் தென்கரையைக் கத்ரீனா என்ற புயல் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காத்துநின்ற கரைகள் உடைந்தன. நகரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு நீரில் மூழ்கிற்று. ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். எல்லோரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டுமென்று முந்தின நாளே மேயர் உத்தரவிட்டிருந்தார். கார் வைத்திருந்தவர்கள் போய்விட்டார்கள். கார் இல்லாதவர்களோ அந்நகரில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஏழைகள். அதுவோ மாதக் கடைசி, பலர் கையில் காசில்லாத நாட்கள். "போ" என்ற உத்தரவு எல்லோருக்கும் ஒன்றுதான். போகும் வழிதான் எல்லோருக்கும் இல்லை. கூரை பிய்ந்த விளையாட்டரங்கில், மின்சாரமில்லாத இருட்டிலும் புழுக்கத்திலும் ஆயிரமாயிரம் பேர் நாட்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கால்நடையாகப் பாலத்தைக் கடந்து அண்டை ஊருக்குப் போக முயன்றவர்களை, அவ்வூர்க் காவலர் வானத்தை நோக்கிச் சுட்டுத் திருப்பியனுப்பினர்.

அந்நாட்களில் வெளிவந்த இரு செய்திப் படங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. இரண்டிலும் மார்பளவு நீரில் உணவுப்பொருளோடு மனிதர் நடந்து வருகின்றனர். கறுப்பின இளைஞர் கடையைக் கொள்ளையடித்துவிட்டு வருவதாக ஒரு படத்தின் கீழ் எழுதியிருந்தது. வெள்ளையர் இருவர் கடையிலிருந்து ரொட்டியைக் கண்டெடுத்து வருவதாக மற்றதன் கீழ் எழுதியிருந்தது. பசியும் ஒன்றே, வெள்ளமும் ஒன்றே. நாவும் பேனாவும்தான் இரண்டு. பிறர்மீது கெட்ட எண்ணம் கொள்வது ஏன் விலக்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

வெள்ளம் வடிந்த பின்னும் கதை தீரவில்லை. வீடு கட்ட அரசு தந்த உதவித்தொகை, வீட்டின் பழைய சந்தை விலை, பழுதுபார்க்கும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதையொட்டி நிர்ணயிக்கப்பட்டது. கறுப்பின மக்கள் வாழும் தெருவில் வீட்டுக்கு விலை குறைவு. ஆகவே, அதே அளவு வீட்டுக்கு, அதே அளவு சேதத்துக்கு, அவர்களுக்குக் கிடைத்தது குறைவு. வழக்கு நடந்து 2011இல்தான் சமரசம் ஏற்பட்டது.

"அது அமெரிக்காவின் நிறபேதம், நமக்கென்ன?" என்று கேட்கவேண்டாம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையில் ஏறியபோது, நாகை மாவட்ட முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கிவைக்கப்பட்ட செய்திகள் வந்தன. படகு இழந்தவர் கணக்கில் வந்தார். மீன் கூடை சுமந்தும் உப்பளத்தில் உழைத்தும் பிழைத்தவர்களில் பலர் வரவில்லை. அதே கரையில், பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் வேற்று மதத்து மீனவ மக்களுக்கு இடமளித்து உணவு சமைத்துப் போட்டார்கள் என்பதையும் நன்றியோடு நினைக்கிறோம்.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒரு கறுப்பினப் பெண்மணி இறந்துபோனார். அதைப் பெரிய விஷயமாகக் கருதாமல் தோழர்கள் நாயகத்திடம் சொல்லாமலே அடக்கிவிட்டார்கள். அவரைக் காணோமே என்று நாயகம் (ஸல்) அவர்களே விசாரித்தார்கள். செய்தி அறிந்ததும், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். கப்ரைத் தேடிச் சென்று ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். யாரும் கணக்கில் எடுக்காதவரைக் கணக்கில் எடுத்ததே நம் நபியின் நடைமுறை!

ஹிஜ்ரி 18இல் கடும் பஞ்சம் வந்தது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தும், மக்கள் வயிறாரும் வரை நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என்று இருந்துவிட்டார்கள். எண்ணெய் தொட்டு உண்டே அவர்களின் மேனி நிறம் மாறிற்று. ஆட்சியாளரின் பசியும் ஏழையின் பசியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே அதன் பொருள்.

ஆகவே சகோதரர்களே! மழைக்காலம் வருமுன் உங்கள் மஹல்லாவை ஒருமுறை நடந்து பாருங்கள். பள்ளத்தில் குடியிருப்பவர் யார்? ஆண் துணையற்ற விதவை யார்? ரேஷன் அட்டை இல்லாத வாடகைக் குடித்தனக்காரர் யார்? படுக்கையில் கிடக்கும் முதியவரைத் தூக்கிவர ஆள் உண்டா? நம் சமுதாயத்தவர், பிறர் என்று பாராமல் எழுதிக்கொள்ளுங்கள். பைத்துல்மாலில் இருந்து உதவும்போது, கேட்டு வந்தவருக்குக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், கேட்க நாணி வீட்டுக்குள் இருப்பவரைத் தேடிச் செல்லுங்கள். துன்பப்பட்டவரைப் பார்த்து, "அவர்கள் பாவத்துக்குத் தண்டனை" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்தத் தீர்ப்பு நம்முடையதன்று.

வெள்ளத்தை அனுப்பியது ஏன் என்று கியாமத்து நாளில் நம்மிடம் கேட்கப்படாது. வெள்ளம் வந்தபோது உன் அண்டைவீட்டார் எங்கே இருந்தார் என்று கேட்கப்பட்டால் என்ன பதில் சொல்வோம்?

யா அல்லாஹ்! எங்கள் பட்டியலில் விடுபட்டவர்களை எங்கள் கண்ணுக்குக் காட்டித் தருவாயாக! அவர்களைத் தேடிச் செல்லும் கால்களை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.