வாடும் கிளியும் வாடாத கடனும்

இராசபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் செல்வோர்க்கு மேற்கே மலைத்தொடர் வழித்துணையாக வரும். ஊரை நெருங்கும்போதே பதினொரு நிலைக் கோபுரம் கண்ணில் படும். பல நூற்றாண்டுகளைக் கண்ட கலை அது. ஆனால், அக்கோபுரத்தின் நிழலிலேயே ஒரு நாள் மட்டும் வாழும் கலையொன்றும் உண்டு.

ஆண்டாளின் கையில் வீற்றிருக்கும் கிளியையே குறிப்பிடுகிறேன். பச்சை இலைகள் அதன் உடலாகின்றன; மாதுளம்பூ அதன் அலகாகிறது. நாள்தோறும் புதிதாகச் செய்யப்படும் அக்கிளி மறுநாள் வாடிவிடும். மீண்டும் இலை பறிக்க வேண்டும். மீண்டும் விரல்கள் உழைக்க வேண்டும். அதில் கலைஞனின் பெயர் எழுதப்படுவதில்லை.

அதே கோயிலில் அரையர் சேவையும் நடைபெறுகிறது. கூம்பு வடிவக் குல்லாய் அணிந்து, கையில் தாளமேந்தி, ஆழ்வார்களின் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் தொன்மையான வழிபாட்டுக் கலை அது. தமிழகத்தில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் சில குடும்பங்களே அதைக் காத்து வருகின்றன. காட்டிய முத்திரை அக்கணமே காற்றில் மறைகிறது. இலையும் அசைவும் இவ்வாறு ஒரே கோயிலில் இணைந்து வாழ்கின்றன.

நிலைத்து நிற்பதுதான் உயர்ந்த கலையா? நம் பங்கின் திருவிழாச் சப்பரத்தை இரவெல்லாம் விழித்திருந்து பூக்களால் அலங்கரிப்போரைக் கேளுங்கள். விடிந்தால் வாடிவிடும் என்பதை அறிந்தே அவர்கள் தொடுக்கிறார்கள். நிலைப்பதற்காக அன்று, கொடுப்பதற்காகவே செய்யப்படும் கலை அது.

ஆயினும் ஓர் உறுத்தல். வாடுவதை மீண்டும் செய்ய ஒருவர் இருந்தால்தானே அது கலையாகத் தொடரும்? “இம்மரபு அழியக் கூடாது” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என் வீட்டுப் பிள்ளை பொறியியலை விட்டுப் பூத்தொடுப்பதையோ கூத்தையோ வாழ்க்கையாக ஏற்க விரும்பினால் மனமுவந்து வாழ்த்துவேனா? என் நெஞ்சம் உடனே ‘ஆம்’ என்று சொல்லவில்லை. நான் சுமக்கத் தயங்கும் சுமையை அடுத்த வீட்டுப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டு, அதற்குப் பண்பாடு என்று பெயரிடுவது நீதியாகுமா?

அயர்லாந்தின் வரலாறு இங்கே சிந்திக்கத்தக்கது. கைகளை உடலோடு ஒட்டவைத்துக் கால்களாலேயே பேசும் நடனம் அந்நாட்டினருடையது. 1893-இல் தோன்றிய கேலிக் கழகம் மக்கள் மொழியோடு அந்நடனத்தையும் போற்றி வளர்த்தது. சிலரது சுமை பலரது உரிமையாயிற்று. அரையர் சேவையை அவ்வாறு பொதுமேடைக்குக் கொண்டுவருதல் பொருந்தாது. அது மேடைக் கலையன்று, வழிபாடு. ஆனால், அக்கலைஞரின் மாண்பையும் பிழைப்பையும் பேணுவது எல்லோர்க்கும் உரிய கடமையன்றோ?

இலை தரும் மண்ணைக் காப்பதும் அக்கடமையில் அடங்கும். 1988-இல் சாம்பல்நிற அணில்களின் சரணாலயமாகிய இம்மலைக்காடு, 2021-இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. சட்டம் காட்டுக்கு வேலி கட்டலாம். கலைஞனின் அடுப்பு எரிகிறதா என்று கேட்பதற்கு அண்டை வீட்டாரின் மனச்சான்று வேண்டும்.

கிளி நாளை வாடும். அது அதன் இயல்பு. அதைச் செய்த கை வாடினால், அது நம் குற்றம்.