தப்போடு பாடினாலும் முருகன் கேட்பான்

முருகா சரணம்.

பாவூர்சத்திரத்தில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். நாலு வரி மெயிலைப் பத்து தடவை திருத்துவேன். அனுப்பின பிறகும் "தப்பா எழுதிட்டோமோ"ன்னு நெஞ்சு படபடக்கும். மனசுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு திருப்புகழ் பாடக் கத்துக்க ஆரம்பிச்சேன். அங்கேயும் அதே கதைதான். சந்தம் ஒரு இடத்தில் இடறினால் உடனே முதல் வரிக்குப் போய்விடுவேன். ஆறு மாசத்தில் ஒரு பாட்டைக்கூட முடித்ததில்லை. அப்புறம் புத்தகத்தைத் தொடவே பயம்.

போன செவ்வாய்க்கிழமை அம்மா விளக்கேற்றி கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் குக்கர் விசில். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தொடர்ந்தார்கள். முடித்ததும், "ரெண்டு வரி விட்டுப்போச்சேம்மா"ன்னேன்.

"எய்யா, அது அவனுக்குத் தெரியாதாக்கும்? நீ போய் இட்லி சாப்பிடு"ன்னாங்க.

அப்போதுதான் வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஞாபகம் வந்தது. அருணகிரிநாதர் பதினாறாயிரம் பாட்டு பாடினார் என்பார்கள். பாட்டெல்லாம் ஏட்டுச்சுவடிகளில் சிதறிக் கிடந்த காலத்தில், நீதித்துறையில் வேலை பார்த்துக்கொண்டே அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். பதினாறாயிரமும் கிடைக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கிடைத்ததை வைத்து 1894-ல் முதல் பாகத்தை அச்சிட்டார். இன்றைக்கும் நம் கையில் இருப்பது சுமார் 1,300 பாட்டுதான். குறையோடுதான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது! அவர் காத்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

தப்பே வரக்கூடாது என்ற பிடிவாதம் பக்தி மாதிரிதான் தெரியும். உள்ளே எட்டிப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருப்பது முருகன் இல்லை, "நான்".

வெள்ளிக்கிழமை இலஞ்சிக் குமாரர் கோயிலுக்குப் போனேன். அந்தத் தலத்துக்கு அருணகிரிநாதர் பாடிய பாட்டையே எடுத்தேன். மூன்று இடத்தில் இடறியது. திரும்பிப் போகவில்லை. கடைசி வரை பாடி முடித்தபோது கண் கலங்கிவிட்டது.

படபடப்பு போயிடுச்சான்னு கேட்டா, இல்லை. ஆனா இப்போ மெயிலை ரெண்டு தடவை படிச்சுட்டு, "முருகா"ன்னு அனுப்பிடுறேன். தூக்கமே கெடுற அளவுக்கு இருக்கிறவங்க டாக்டரையும் பாருங்க. அதுவும் அவன் காட்டுற வழிதான்.

இன்னிக்கு ஒரு பாட்டை, தப்போடயே, கடைசி வரை பாடுங்க.

வேலும் மயிலும் துணை.