வடுவில்லாத காயம்

செவ்வயிற்று நியூட் ஜப்பானிய நெல்வயல்களிலும் குளங்களிலும் வாழும் சிற்றுயிர். பல்லியின் வடிவம், தவளையின் உறவு. அதன் விழிவில்லையை அகற்றினால், கருவிழித்திரையின் மேல்விளிம்பிலிருந்து புதியதொன்று தோன்றிவிடும். புரை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்திக்கொண்ட நமக்கு இது பெருவியப்பே.

2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், 16 ஆண்டுகளில் 18 முறை அகற்றியும் இறுதி வில்லை பழுதற்றிருந்தது. முதுமையும் அத்திறனைக் குறைக்கவில்லை.

எனில், வடுவில்லாத காயம் இம்சையாகாதோ? ஆகாதென்பாருக்கு நாம் உடன்படோம். மீண்டது உறுப்பு, பதினெட்டு முறையும் அறுபட்டது ஐம்பொறியுயிர். மீளும் ஆற்றலை அது பெற்றது நம் கத்திக்கு இசைவு தருவதற்கன்று.

ஆயினும் அவ்வறிஞரைப் பழிக்க நாவெழவில்லை. பள்ளியில் மாணவியர்க்குத் தவளையை அறுத்துக்காட்டிய கை நம்முடையது. அத்தவளைக்கு எதுவும் மீண்டும் முளைக்கவில்லை.